உன் மகன் பேச்சுக்குப் பின்னால் கேட்ட பாட்டு

அக்கா,

முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பாய். என் மூத்த பேத்தி நர்ஸ் படிப்பை முடித்து, அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பேரன் கேரம் விளையாட்டில் ஊர் ஊராகப் போய் ஜெயிக்கிறான். கோப்பை வைக்க வீட்டில் இடமில்லை, ஒன்றில் நான் நூல்கண்டு போட்டு வைத்திருக்கிறேன். கடைக்குட்டி கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். அஞ்சாம் கிளாஸோடு நின்ற எனக்கு அவள் நோட்டில் ஒன்றும் விளங்காது. ஆனாலும் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருப்பது உன் வீட்டுச் சேதி. உன் பேத்தி, நம் அந்தோணியின் மகள், ஜப்பானில் மேடை ஏறிவிட்டாள். தடித்த கம்பி போட்ட கிடார் வாசிக்கிறாள், பேஸ் என்கிறார்கள். நேற்று மதியம் என் மகன் போனில் அதைப் போட்டுக் காட்டினான். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் தானாக நின்றுவிட்டது. அது நம் பாட்டு, அக்கா.

தொண்ணூறுகளில் அந்தோணி கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருந்தான். உனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவன் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவான். உன் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. பட்டினப்பாக்கம் ரோட்டோரம் மீன் விற்று முடித்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டு என் வீட்டுக்கு மாடியேறி வருவாய். அந்தக் கேசட் பெட்டிகளைத் திறந்தால் இன்றைக்கும் வஞ்சிர வாசனை அடிக்கிறது.

“மிஷின நிறுத்துடி, என் புள்ள பேசப் போறான்” என்பாய்.

அவனும் எப்போதும் ஒரே பேச்சுதான் பேசுவான். “யம்மா, நல்லா கீறேன். ஒழுங்கா துன்றேன். நீ மாத்திரை போட்டுக்கினு வர்றியா?” நீயும் டேப் ரிக்கார்டரைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாய்.

அந்த ஒரு தடவை அவன் கப்பல் நின்ற ஜப்பான் ஊரில் ஏதோ கடையில் உட்கார்ந்து பேசியிருந்தான். பேசி முடித்தவன் பட்டனை நிறுத்த மறந்துவிட்டான். குரல் நின்ற பிறகும் கடையின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பாட்டு, நடுநடுவே கண்ணாடி டம்ளர்கள் உரசும் சத்தம்.

உன் முகம் மாறிவிட்டது. உன் வீட்டுக்காரரைக் குடி கொண்டுபோய் அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

“டம்ளர் சத்தம் கேட்டியா? இது குடிக்கிற எடம்டி. அவங்கப்பன் ரத்தம் எங்க போவும்? கப்பலும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். அம்மா சாவக் கெடக்கறா, ஒடனே வான்னு எழுது.”

நான் எழுதினால் அவன் அடுத்த நிமிஷமே கிளம்பிவிடுவான் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். பாதியில் இறங்கியவனைத் திரும்பக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்பதும் தெரியும்.

“எழுதறேன்க்கா. இன்னொரு வாட்டி கேட்டுட்டு எழுதறேன்” என்று கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டேன்.

இந்த முறை பாட்டை மட்டும் கேட்டேன். உச்சி வெயிலில் தி.நகர் போய், புடவைக் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முகத்தில் ஒரு குளிர் வந்து படுமே, அப்படி இருந்தது. அடியில் அந்தத் தடித்த கம்பி அவசரமில்லாமல் நடக்கிறது. தண்ணீருக்குள் மணி அடித்ததுபோல் ஒரு பியானோ. எங்கோ தூரத்தில் ஒரு குழல், மழை விட்ட ரோட்டில் பஸ் போவதுபோல வந்து போகிறது. ஒரு பெண் குரல், வார்த்தையே இல்லாமல் முனகுகிறது. குழல் வரும்போது பியானோ ஒதுங்கி நிற்கிறது. பியானோ வரும்போது மற்றதெல்லாம் மெள்ளக் குனிந்துகொள்கிறது.

“யக்கா, நல்லா கேளு. ஒருத்தன் வாசிக்கும்போது இன்னொருத்தன் வாய மூடிக்கினு கேக்குறான். கடையிலயும் ஒருத்தன் கத்தல. குடிகாரன் எங்கக்கா அடுத்தவன் பேச்சக் கேட்டான்? உன் வூட்டுக்காரர் கேட்டாரா?”

கேசட் தீர்ந்து பட்டன் டக்கென்று எழும்பும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, “இன்னொரு தபா போடு” என்றாய்.

அன்றைக்கு நான் எழுதியது வேறு கடிதம். அது இன்னா கடை என்று ஒரு கேள்வி, அந்தப் பாட்டை கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பிடித்து அனுப்பு என்று ஒரு உத்தரவு. அடுத்த கேசட்டில் பதில் வந்தது. “அது காபிக் கடைம்மா. கடைக்காரரு பாட்டு போட்டா யாரும் சத்தமா பேசமாட்டாங்க. இந்த ஊரு ஆளுங்களே வாசிக்கறது. இந்த மாதிரி பாட்டுக்கு ஆசிட் ஜாஸ்னு பேரு.”

“ஆசிட்டா? கக்கூஸ் கழுவ ஊத்துவாங்களே, அதுவா?” என்று டேப் ரிக்கார்டரிடம் கேட்டாய். நான் மெஷின் மேல் விழுந்து சிரித்தேன்.

அப்புறம் எத்தனை மதியங்கள். வெட்டிய ரவிக்கைத் துணி மூட்டையில் தலை வைத்து நீ படுத்திருப்பாய், அந்தத் தடித்த கம்பியின் நடைக்கு நான் மெஷினை மிதிப்பேன். கீழ்வீட்டுக்காரி வாசலில் நின்று கிண்டல் செய்வாள். “இன்னாக்கா, வெறும் மியூசிக்கே போய்க்கினு கீது, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

“நீ வாய மூடு, ஆரம்பிக்கும்” என்பாய், கண்ணைத் திறக்காமலே.

அந்தோணி அந்த ஊரிலேயே வேலை தேடிக்கொண்டான், கல்யாணம் செய்துகொண்டான். அவன் மகள் நடக்கப் பழகுவதற்குள் நீ போய்விட்டாய். அவன் இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. இதை நான் கேட்கிறவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். அஞ்சாம் கிளாஸ் படிப்பை வைத்து ஊருக்கெல்லாம் எத்தனையோ கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எழுதாமல் விட்ட கடிதத்தை நினைத்தால்தான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

என் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் பாடச் சொல்லவில்லை. மற்றவர்கள் பேசும்போது இந்தப் பெண் கேட்கிறாளா என்று மட்டும் பார்த்தேன். கேட்டாள். இன்றைக்கு வீட்டில் சண்டை சத்தம் இல்லை. அது உன் புண்ணியம்.

நேற்று அந்தோணியிடம் போனில் சொல்லிவிட்டேன். என் சுவரில் இருக்கிற உன் பேத்தி இன்னும் கவுன் போட்ட குழந்தை. புதுப் படம் வேண்டும். போனில் வருகிற படம் எனக்கு ஆகாது, விரல் பட்டால் ஓடிவிடுகிறது. காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. அவள் வாசிக்கிற படம் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் வாசிக்க, இவள் கையைக் கம்பி மேல் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நிற்கிறாளே, அந்த வீடியோவில் ஒரு இடத்தில் வருகிறது, அதை அனுப்பு. அப்போது அவள் முகம் அப்படியே உன் முகம், அக்கா. உன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாகிவிட்டது, சீக்கிரம் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.