இடது கம்பத்தை விட்டவன்

மார்ச் 3, திங்கள்

இன்று பல் செட் நான்கு முடிந்தன. ஐந்தாவது கிளப் தலைவருடையது, மேல்வரிசை. கடித்தால் வலிக்கிறதாம். வாயை மூடி வைத்திருந்தால் வலிக்காது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஊருக்கு அவர் சிரிப்பு தெரியும். அச்சு எடுத்த எனக்கு அவர் ஈறு தெரியும். அழுகல்.

அவர் வந்தது பல்லுக்காக மட்டும் இல்லை. கால்பந்துக் கிளப்பின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுத வேண்டுமாம். "டேய் பல்லு, உனக்குத்தான் எழுத்து வரும். சும்மா பத்துப் பக்கம் தட்டி விடு." எனக்கு ஐம்பது ஆகப்போகிறது, இன்னும் பல்லு!

சரி என்று தலையாட்டினேன். எப்போது ஆட்டவில்லை?

மார்ச் 9, ஞாயிறு

கிளப் அறையின் அலமாரியைத் திறந்தேன். கரப்பான், பூஞ்சை பிடித்த ஒற்றைக் காலுறை, அதற்கு அடியில் பழைய நோட்டுகள். மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தேன்.

கிளப்புக்கு ஐம்பது வயதே ஆகவில்லை. நாற்பத்தெட்டு! ரப்பர் ஸ்டாம்ப் செய்தவர் ஆண்டைத் தப்பாக வெட்டிவிட்டார். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க எவனுக்கும் உடம்பு வளையவில்லை. ஸ்டாம்பில் இருப்பதே பிறந்த ஆண்டு என்று தீர்மானம் போட்டு எல்லோரும் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

ஆரம்பித்தவர்கள் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கிய பதினான்கு பேர். தலைவர் எழுதித் தந்த குறிப்பிலோ அவருடைய அப்பாதான் நிறுவனர். அந்த அப்பாவின் பெயர் நோட்டில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. மைதானத்தில் இவர்களை ஆட விடக்கூடாது என்று புகார் கொடுத்த இடத்தில்.

மார்ச் 14, வெள்ளி

தலைவர் இன்னொரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் தோற்ற இறுதிப் போட்டி பற்றி. ‘கோல்கீப்பர் விலைபோனதால் கோப்பை கைநழுவியது.’ பெயர் போடவில்லையாம். நாகரிகமாம்.

அந்தக் கோல்கீப்பர் என் அக்காவின் கணவர். அன்றைக்கு மைதானத்தை விட்டுப் போனவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பேருந்துகூட மாற்றி ஏறுவார்.

மாலையில் அக்கா போன் செய்தாள். "நீதான் எழுதறியாமே. அவரைப் பத்தி ரெண்டு வரி நல்லதா எழுதுடா. அவர் வாயைத் திறந்து கேக்கமாட்டார், நான் கேக்கறேன். சாகறதுக்குள்ள அந்தக் கெட்ட பேர் போகணும்."

"பாக்கலாம்க்கா" என்றேன். பார்க்கலாமாம். தூ!

மார்ச் 15, சனி

ஒரு வரி எழுதவில்லை. ஒரே கீழ்வரிசைப் பல் செட்டை இரண்டு தடவை கெடுத்தேன்.

மார்ச் 22, சனி

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் இடது பின்வரிசைக்காரன் கோலின் இடது கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கோல்கீப்பர் ‘விடு’ என்று கத்தும்வரை கையை எடுக்கக்கூடாது. வானமே இடிந்தாலும். அன்றைக்கு இடது பின்வரிசை நான்.

கடைசி நிமிடம். பந்து உயர வந்தது. என் தலையால் அடித்து வெளியே தள்ளி, பெயர் வாங்கலாம் என்று ஓர் ஆசை. அவ்வளவுதான். கையை எடுத்தேன், குதித்தேன், எட்டவில்லை. நான் நின்ற இடம் வழியாகவே பந்து உள்ளே போனது.

உடை மாற்றும் அறையில் கேப்டன் என் சட்டையைப் பிடித்தான். "ஏண்டா கம்பத்த விட்டே?" இன்றைய தலைவர்தான் அந்தக் கேப்டன். நான் சொன்னேன்: "அத்தான்தான் ‘விடு’ன்னார்."

அவர் சொல்லவில்லை. மூச்சுகூட விடவில்லை.

ஆட்டத்தில் பத்தடி தள்ளி நின்ற கேப்டனுக்கும் அது தெரியும். ஆனால் முதல் பாதியில் பெனால்டியை வெளியே அடித்தவன் அவன். பழி போட அவனுக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. உடனே திரும்பி, "எவ்ளோ வாங்கினே?" என்று அத்தானைக் கேட்டான். அத்தான் என்னைத்தான் பார்த்தார். நான் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவரை அழுகல் என்று எழுதியிருக்கிறேன். நான் என்ன? அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் கை நனைத்தவன்.

ஏப்ரல் 2, புதன்

மலரின் கடைசிப் பிழைதிருத்தம் என் கைக்குத்தான் வந்தது. தலைவரின் வரியை அடித்துவிட்டு, மார்ச் 22 அன்று இங்கே எழுதிய ஆட்டக் கதையை அப்படியே, பெனால்டி உட்பட, வைத்தேன். அடியில் என் பெயர். அச்சகக்காரர் படித்துவிட்டு, "இது போகட்டுமா சார்?" என்றார். போகட்டும் என்றேன்.

ஏப்ரல் 5, சனி

நாளை விழா. கிளப் அறைக்குப் போனேன். செயற்குழு மொத்தமும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பிளேடு வைத்துக்கொண்டு, முந்நூறு பிரதியிலும் அந்த ஒரு தாளை வெட்டிக்கொண்டிருக்கிறது! என்ன ஒரு சுறுசுறுப்பு. பயிற்சிக்கு வரச்சொன்னால் பாதிப் பேருக்கு முதுகுவலி.

தலைவர் எழுந்துகூட வரவில்லை. "உனக்கு என்னடா கேடு? எல்லாரும் மறந்துபோனத ஏன் கிளர்றே?"

"மறந்துபோனத நீங்க எதுக்கு மலர்ல போட்டீங்க?"

பொருளாளர் சிரித்துவிட்டார், பிறகு இருமலாக்கிக்கொண்டார். வெட்டிய தாள் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் தடுக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

விழாவுக்குப் போகவில்லை. தாளை அக்கா கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் கதவைச் சாத்தினாள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன்.

ஏப்ரல் 9, புதன்

போன் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மதியம் அத்தான் என் பட்டறைக்கு வந்தார். தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் ‘விடு’ன்னு சொல்லலையா?"

"சொல்லல அத்தான்."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"சொல்லவே இல்ல. நான் பொய் சொன்னேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். மேஜையில் காய்ந்துகொண்டிருந்த பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "காசு வாங்கினேன்னு ஊர் சொன்னது எனக்குப் பெருசா வலிக்கல. வாங்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ சொன்னத நான் நம்பிட்டேன். நீ ஏன் பொய் சொல்லப்போறேன்னு. நான்தான் பதறிப்போய்க் கத்திட்டேன், அதனாலதான் தோத்தோம்னு... யோசிச்சு யோசிச்சு, கத்தின என் குரல் எனக்கே கேக்க ஆரம்பிச்சிடுச்சு."

அவரை ஊர் சந்தேகப்படுகிறது என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்தேன். அவர் அவரையே சந்தேகப்பட்டிருக்கிறார். இது என் புத்திக்கு எட்டவே இல்லையே. எழுதும்போதுகூட எட்டவில்லையே.

கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டார். கத்தவில்லை. "என் முன்னாடி வராதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் அக்கா போன் செய்தாள். அவர் ஆட்டம் பார்க்க மைதானத்துக்குப் போயிருக்கிறாராம். தனியாக. யாரும் கூப்பிடாமலே, ஏழு மணிக்கே.

"நீ மட்டும் அங்க போயிடாதேடா" என்றாள்.

சரி என்றேன்.