மூன்று வழிகளும் அப்பாவும்

ஜூன் 3, திண்டிவனம்
கல்லூரியில் இரண்டு வகுப்பு எடுத்தேன். மீதி நேரமெல்லாம் அப்பாவின் நெஞ்செரிச்சல். மூன்று வழிகள் என்கின்றன மருத்துவ ஆய்வுகள். அமிலத்தை அடக்கும் மாத்திரை, எட்டு வாரம். அல்லது மலத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைக் கொல்வது. அல்லது எண்டோஸ்கோபி.
நான்காவதை அப்பாவே கண்டுபிடித்திருக்கிறார்: கோலி சோடா.

ஜூன் 8, கெடார்
அப்பாவிடம் விளக்கினேன். மல்லாட்டை உரித்து, பருப்பை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.
“கொழாய வாய்ல வுட்டா பேச முடியுமாடா?”
“முடியாதுப்பா.”
“அப்ப வேணாம்.”
பேச முடியாது என்பதே அம்மாவுக்கு நல்ல வைத்தியமாகத் தெரிந்தது.

ஜூன் 9
கிருமிச் சோதனைதான் சிறந்தது என்று முடிவு செய்தேன். செலவு குறைவு, குழாய் இல்லை. ஆய்வுகளும் அப்பாவும் ஒத்துப்போகும் அபூர்வம்.

ஜூன் 15
அப்பாவின் பச்சை பெல்ட்டில் புதிதாக ஒரு துளை. ஆணியைக் காய்ச்சி அவரே போட்டது. இதை எழுத வேண்டாம்.

ஜூன் 16
எழுதுகிறேன். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறார். வயது அறுபத்தொன்று. நான் படித்ததெல்லாம் என்னைப் போன்ற இருபத்தேழு வயதுக்காரர்களுக்கு. வயதானவர், உடம்பும் இளைக்கிறது என்றால் ஒப்பிட ஒன்றுமில்லை — நேராக எண்டோஸ்கோபி. ஆய்வின் முதல் பக்கத்திலேயே இருந்தது. தாண்டிப் போயிருக்கிறேன்.
ஒப்பிட்டேனா, ஒளிந்தேனா? புற்று என்று எழுத இத்தனை நாள்.

ஜூன் 20, விழுப்புரம்
இரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் கேட்டதும் அப்பா பெருமையாக, “ரெண்டே இட்லிதாங்க.”
அம்மாவுக்கு போன் செய்தேன்.
“வெறும் வயித்துல பிரஷர் மாத்திரை போட்டா இன்னாத்துக்கு ஆவும்? படிச்சவன்தானே, தெரியாது?”
செவ்வாய்க்கிழமை மறுபடி.

ஜூன் 24
குழாய் இறங்கியது. அப்பா பேசாமலிருந்த ஏழு நிமிடம். அம்மா வெளியே அழுதாள். உள்ளே புண். அதில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரம்.

ஜூன் 28
வகுப்பில் எதையோ நடத்தினேன்.

ஜூலை 1
கிருமி. புற்று இல்லை. பதினான்கு நாள் மாத்திரை.
கெடார் பேருந்தில் அப்பாவின் தோளில் தூங்கிவிட்டேன். எழுப்பவில்லை அவர்.

செப்டம்பர் 14, கெடார்
அடுத்த தெரு இருதயராஜுக்கும் நெஞ்செரிச்சலாம். அப்பா போனில் கத்திக்கொண்டிருந்தார்.
“உனுக்கு இன்னா வயசு? அறுவத்தி ரெண்டா? எளச்சிக்கினு வேற போறியே. மாத்திரையெல்லாம் அப்பறம், மொதல்ல கொழா வுட்டுப் பாத்துடு... யாரு, என் புள்ளையா? அவன கேட்டா படிச்சிட்டு சொல்றேம்பான். நீ ஜல்தியா கெளம்பு. நான் கூட வர்றேன்.”