நேராகத் தொங்கிய வெள்ளைத் துணி

பாறைக் கலங்கரை விளக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

கரையிலிருந்து எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்கப் போவதில்லை. உங்கள் நலத்தின் லட்சணம் எனக்குத் தெரிந்துவிட்டது.

போன வியாழன் படகில் நீங்கள் அனுப்பிய அழுக்குத் துணி மூட்டையைத் திங்கட்கிழமைதான் பிரித்தேன். அதில் ஒரு கால்சட்டையின் வலது கால் மட்டும் முழங்கால் வரை கத்தரித்திருந்தது. படகுக்காரரிடம் போய் ஏன் என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார். கடைசியில், அண்ணன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி, பாசிப் படியில வழுக்கி விழுந்து பத்து நாளுக்கு மேல ஆச்சு, பெருவிரல் கறுத்துப்போச்சு, காய்ச்சல் வேற, எந்திரிச்சு நடக்க முடியல என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

நாலு மணிக்கு உங்கள் விளக்கின் மேல்மாடக் கம்பியில் வெள்ளைத் துணி தொங்கினால் எல்லோரும் சுகம், சிவப்பு என்றால் உடனே படகு வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் பைனாகுலரோடு மொட்டைமாடியில் நின்று பார்க்கிறேன். நீங்கள் கட்டினால் துணி எப்போதும் ஒரு பக்கம் இறங்கித்தான் தொங்கும். இந்த நாட்களில் அது இஸ்திரி போட்டதுபோல நேராகத் தொங்கியது. உங்கள் உதவியாளர் கட்டினார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உங்க அப்பாவுக்கு இப்பதான் துணி காயப்போடத் தெரிஞ்சிருக்குடி என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் அங்கே காய்ச்சலில் கிடக்க, நான் இங்கே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை இப்படி முட்டாளாக்கியதற்கு உங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் அலுவலகத்துக்குப் போய் அவசரப் படகு கேட்டேன். அங்கிருந்த குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, தினமும் வெள்ளைத் துணின்னுதானேம்மா இருக்கு, சிவப்பு காட்டாம நாங்க எப்படிப் படகு விடறது என்றார். அவரைக் கடித்துக் குதற வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. உங்களுக்குப் படகு வராமல் செய்தது நீங்களேதான்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. சர்க்கரை வியாதி, கறுத்த விரல், காய்ச்சல் என்று சொன்னதும் டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார். இந்த வாரம் வந்தா விரலோட போகும், அடுத்த வாரம்னா கால் போகும், அதுக்கப்புறம்னா என்கிட்ட வர வேண்டியதே இல்ல என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நான் ஒன்றும் கூட்டவில்லை.

நீங்கள் ஏன் இறங்க மாட்டேன் என்கிறீர்கள் என்பதையும் படகுக்காரர் சொன்னார். மாதக் கடைசியில் விளக்குக்கு நூற்றைம்பது வயது. பெரிய அதிகாரிகள் வருவார்கள், பித்தளைப் பலகை திறப்பார்கள், நீங்கள் சீருடையில் பக்கத்தில் நிற்க வேண்டும். எத்தனை புயலைத் தாங்கிய கோபுரம், நீங்கள் பத்து நாள் இல்லாவிட்டால் சாய்ந்துவிடுமா? அந்தப் பலகையில் உங்கள் பெயரையா பொறிக்கப் போகிறார்கள்? சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று ஊருக்கெல்லாம் சொல்வீர்களே, உங்களுக்கு மட்டும் அது பொருந்தாதா? வீம்புக்கும் ஒரு அளவு வேண்டும்.

மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கோபத்தில் மறந்துவிட்டேன். அப்பாகிட்ட நான்தான் நேர்ல சொல்லுவேன் என்று காத்திருக்கிறாள். நான் எழுதிவிட்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

இந்தப் படகில் அரிசியும் மண்ணெண்ணெயும் உதவியாளருக்கு மட்டும்தான். உங்களுக்கு மாற்றுத் துணிகூட வைக்கவில்லை. படகு ஒரு மணி நேரம் நிற்கும். சாமான் தூக்கும் கயிற்றில் நாற்காலியைக் கட்டி உங்களை இறக்கிவிடலாம் என்கிறார் படகுக்காரர். மூட்டைபோல இறங்குவதா என்று கௌரவம் பார்க்காதீர்கள். பாறையைச் சுற்றி மீன்களைத் தவிர வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் படகுத்துறையில் உட்கார்ந்திருப்பேன். படகு உங்களை ஏற்றாமல் திரும்பினால், அதே படகில் நான் ஏறிவிடுவேன். என் அப்பாவைக் கொண்டுபோன தண்ணீர் அது. அன்றிலிருந்து அதில் நான் பாதம்கூட நனைத்ததில்லை. படகுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குப் பயமாக இருக்கிறதாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் இல்லாத வீட்டைவிட அந்தத் தண்ணீர் பெரிய பயம் இல்லை.

என்னை ஏற வைக்காதீர்கள். இறங்கி வாருங்கள். வந்த பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு சண்டை போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேல் தீராத கோபத்தில் இருக்கும்
உங்கள் மனைவி