வீட்டில் நிற்கிற பிள்ளை

கொட்டாஞ்சேனை,
12-6-46.

அன்பு மகள் செலீனுக்கு,

மடு மாதாவின் தயவால் நானும் அப்பாவும் சுகம், மதராஸில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இருமல் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய், கொத்தமல்லி அவித்துக் குடி, தலையில் ஈரத்தோடு வகுப்புக்கு ஓடாதே. சண்டை முடிந்து கப்பல்கள் பழையபடி வரத் தொடங்கியதால் அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூச்சுவிட நேரமில்லை. பக்கத்து வீட்டுப் புளோறன்ஸுக்கு ஆண் குழந்தை, நல்ல நிறம், மூக்கு மட்டும் தகப்பனுடையது, என்ன செய்வது. இதெல்லாம் நான் சுற்றி வளைக்கிறேன் என்பது உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும்.

மதலேன் இப்போது எந்த வகுப்பு என்று கேட்டிருந்தாய். அவள் எந்த வகுப்பிலும் இல்லை, மகள். பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக வாசிக்கிறாள் என்று நான் உனக்கு எழுதியதெல்லாம் பொய். நீ கப்பலேறிய பிறகு இரண்டு கிழமை போனாள், பிறகு எனக்குத் தொய்வு வந்து மூச்சு இழுக்க, தெருக் குழாயில் தண்ணீர் எடுக்க ஆளில்லாமல் இந்தக் கிழமை மட்டும் நில் என்றேன், அந்தக் கிழமை ஒன்றரை வருடமாக நீண்டுவிட்டது. அவள் தாய் லூசியா மடுத் திருவிழாவில் நம் கூடாரத்துக்கு வந்து பிள்ளையைக் கையில் பிடித்துத் தந்தபோது நீயும் பக்கத்தில்தானே இருந்தாய். புருஷனைக் கடல் கொண்டுபோய், பேசாலைக் கடற்கரை மீன்வாடியில் பிள்ளைகளோடு மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தவள். ஒன்பது வயதுப் பிள்ளையின் விரலெல்லாம் உப்புத் தின்று வெடித்திருந்தது. சம்பளம் வேண்டாம், எழுத்துப் படிப்பிச்சு விடுங்கோ அம்மா, அது காணும் என்று அவள் சொன்னதற்கு ஓம் என்று தலையாட்டியவள் நான். சம்பளமும் கொடுக்கவில்லை, எழுத்தும் கொடுக்கவில்லை.

போன மாதக் கடைசியில் ஓர் உத்தியோகத்தர் வந்தார், யாழ்ப்பாணத்துப் பொடியன், நல்ல மரியாதை. இப்போது படிப்புக்குச் சம்பளம் இல்லை என்று ஆனபிறகு பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை வீடு வீடாக விசாரித்து எழுதுகிறார்களாம். இந்த வீட்டில பதினாலு முடியாத பள்ளிக்கூட வயசுப் பிள்ளையள் எத்தினை பேர் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, பிள்ளையள் இல்லைத் தம்பி, ஒரே மகள், அவ மதராஸில படிக்கிறா என்றேன். அந்த நேரம் பார்த்து மதலேன் அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். அப்ப இவ ஆர் என்றார். அது வீட்டில நிக்கிற பிள்ளை, பதினாலு முடிஞ்சுது என்றேன். எனக்கு வாய் கூசவில்லை, செலீன். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார். இந்த வருடத் தவசு காலத்தில் மேற்றிராணியார் கோயிலுக்கு வந்து பிள்ளைகளின் நெற்றியில் எண்ணெய் பூசி உறுதிபூசுதல் கொடுத்தபோது அவள் தோளில் கைவைத்து ஞானத்தாயாக நின்றவள் நான்தான், கோயில் புத்தகத்துக்கு வயது பதினொன்று என்று சொன்னவளும் நான்தான். என் ஞானப்பிள்ளை என்று நாலு பேரிடம் பெருமையும் பேசினேன். வீட்டில் நிற்கிற பிள்ளை என்பது இங்கே எல்லாரும் சொல்கிற சொல், மன்னாரிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்து எத்தனை வீட்டில் வேலைக்கு நிற்கிறார்கள். உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்று ஒருவரும் சொல்வதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அவள் தேங்காய் துருவிக்கொண்டே, அம்மா, எனக்கு எப்ப பதினாலு வந்தது என்று கேட்டாள். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, தெரியாத ஒன்றைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். நான் உலையைப் பார்க்கப் போனேன்.

அதற்குப் பிறகுதான் லூசியாவின் கடிதம் வந்தது, கோயில் உபதேசியார் எழுதிக் கொடுத்தது. அவளுக்கும் நான் அதே பொய்யைத்தான் எழுதி வந்தேன். அவள் அதை நம்பி, என் கடிதங்களை வாடியில் எல்லாருக்கும் வாசிக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். வருகிற ஆடித் திருவிழாவுக்கு இளையவள் அந்தோனியாவையும் மடுவுக்குக் கூட்டி வருகிறாளாம், ஏழு வயதாம், அக்காவைப் போல இவளையும் ஆளாக்கி விடுங்கோ என்று எழுதியிருக்கிறாள். வாசித்ததும் கடிதத்தோடு அப்பாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை, அந்தத் தண்ணிய நானும்தானே குடிச்சனான் பிறிஜெற் என்றார். அன்றைக்கே உத்தியோகத்தருக்குச் சரியான வயதை எழுதி அனுப்பினார். திங்கட்கிழமை நான் மதலேனைச் சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சின்னஞ்சிறுசுகளோடு வாங்குப் பலகையில் இருத்தியிருக்கிறார்கள், அவளுக்கு முழங்கால் மேசையில் இடிக்கிறது. தண்ணீர் இப்போது அப்பாதான் எடுக்கிறார், கோட்டுப் போடுமுன் இரண்டு வாளி, தெருவே பார்த்துச் சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

நேற்றுப் பின்னேரம் அவளைப் பக்கத்தில் இருத்தித் தாயின் கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டினேன். ஊருக்குப் போகிறாயா, இங்கே இருந்து படிக்கிறாயா, உன் விருப்பம் என்றேன். தங்கச்சிய அனுப்பவேண்டாம் எண்டு எழுதுங்கோ அம்மா என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் சின்னப் பிள்ளையெல்லோ என்றாள். வந்த முதல் நாளே பள்ளிக்கூடத்தில் விடுவேன், மாதா மேல் ஆணை என்றேன். ஓம் அம்மா என்றாள். வீடு கூட்டு என்றால் சொல்வாளே, அதே ஓம்.

லூசியாவுக்கு உண்மையை எழுதப் போகிறேன். உனக்கு முதலில் எழுதியது எனக்குப் பின்வாங்க வழி இருக்கக்கூடாது என்பதற்காகத்தான். மடுவுக்கும் நானே போய் அவள் முகத்தைப் பார்ப்பேன். பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப் போனால் மறிக்க எனக்கு வாய் இல்லை. நீ என்னை எப்படி ஏச வேண்டுமோ அப்படி ஏசி எழுது, ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். ஒன்று மறக்காதே, மதலேனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, பெரிய பெரிய எழுத்தில். எத்தனை மாதம் எடுத்தாலும் அவளே எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும், நான் வாசித்துக் காட்டமாட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் இனி என் வாயை நம்பியிருக்கக்கூடாது.

இப்படிக்கு,
தலைகுனிந்து எழுதும் உன் அம்மா,
பிறிஜெற்.