மூன்று முறை படித்த வரி

மாமா,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. ஓய்வுக்குப் பிறகு நான் மட்டும் பீர்மேட்டுக்கு வந்துவிட்டதால் உங்கள் வீட்டுச் செய்தியெல்லாம் எனக்கு போனில்தான் வருகிறது. நேற்று உங்கள் பேத்தி, அதாவது என் மகள், எல்லையோரப் பெருமாட்டியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கூடத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுடைய ஏழு வயது மகன் நடுவில் நின்று, உங்களுக்காக வந்த இரங்கல் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கிறான். பின்னாலிருந்து அவள் குரல்: "அப்பா, நீங்களும் அப்புச்சியப் பத்தி ஒரு லெட்டர் எழுதித் தபால்ல போடுங்க. அவருதான எங்களையெல்லாம் படிக்க வெச்சவரு. எம் பையன் படிப்பான், எல்லாரும் கேக்கறோம்."

அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு இனி ஒன்றும் வலிக்காது என்பதுதான் என் ஒரே குறை.

"ஊட்டுக்கு வர்ற காயிதத்த ஊட்டுக் கொழந்தைதான் படிக்கோணும்" என்பீர்கள். நாங்களும் உங்களோடு இருந்த காலம் அது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் அன்று வந்ததெல்லாம் கூடத்துக்கு வரும். பஞ்சாயத்தின் மலையாள நோட்டீஸ், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, உரமூட்டையில் ஒட்டியிருந்த சீட்டுகூட. என் மகள் நிற்பாள், வீடே உட்காரும். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது. தொடங்கியதை நிறுத்தவும் கூடாது. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் தமிழ், மலையாளம் இரண்டும் தடுமாறாமல் வாசித்தாள். கல்லூரியில் பாடம் நடத்திய நான் அவளுக்கு ஓர் எழுத்தும் சொல்லித் தந்ததில்லை. உங்களைப் பார்த்து ஊரில் நாலைந்து வீடுகளில் இந்தப் பழக்கம் தொடங்கியது என்பதையும் மறுக்க மாட்டேன். தென்னந்தோப்பைவிட அதில்தான் உங்களுக்குப் பெருமை. அதற்கு அடுத்த பெருமை நான். "எஸ்டேட் லயத்துப் பையனுக்குப் பொண்ணு குடுத்தேனுங்க, படிப்பப் பாத்துக் குடுத்தேன்" என்று விருந்தாளிகளிடம் என்னைக் காட்டுவீர்கள்.

அவளுக்கு ஏழு வயதானபோது என் அப்பாவின் இன்லண்ட் கடிதம் ஒன்று வந்தது. பீர்மேட்டில் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் வேலை பார்த்தவர் அவர்; தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒன்றில் இருந்தார். கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது. நீங்கள் அதைப் பிரித்துக் குழந்தை கையில் கொடுத்தீர்கள். நான் கையை நீட்டினேன். "இருக்கட்டுங் மாப்ள, பொறத்தியார் காயிதமா? சம்மந்திதான" என்றீர்கள்.

அவள் படித்தாள். "பாப்பாவுக்குத் தாத்தா எழுதுவது. லீவுக்கு ஒரு தடவை இங்கே வா. லயத்து வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். பொதுக் கக்கூசுக்குப் புதுக் கதவு போட்டாச்சு. கொண்டியும் உண்டு. நீ பயப்பட வேண்டாம்."

முதலில் சிரித்தது உங்கள் மகன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. குழந்தைக்கு எதற்கென்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்ததால் அவளும் சிரித்தாள்.

"கண்ணு, அந்த வரிய இன்னொருக்காப் படி" என்றீர்கள்.

படித்தாள்.

"கொண்டியும் உண்டுங்கறத நல்லா அழுத்திச் சொல்லோணும்."

மூன்றாவது முறை, விரலால் தாழ்ப்பாள் போடுவதுபோல நடித்துக்கொண்டே படித்தாள். நீங்கள் துண்டால் கண்ணைத் துடைத்தீர்கள். "ஏனுங் மாப்ள, உங்கொப்பாரு கெட்டிக்காரரு. கதவப் போட்டுட்டுத்தான் கூப்படறாரு!"

வீடே என் முகத்தைப் பார்த்தது. நானும் சிரித்தேன். அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை அனுப்ப எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் காலை பூத்திலிருந்து எஸ்டேட் ஆபீசுக்கு போன் போட்டு, அப்பாவை வரவழைத்து, இனிமேல் கடிதம் எழுத வேண்டாம் என்றேன்.

"ஏம்லே? பாப்பா கையில கெடைக்கலையோ?"

"கெடச்சுது. அவதான் படிச்சா."

"சத்தமாவா?"

"ஆமா. எல்லாரும் கேட்டாங்க."

"எல்லாருமா!" அவர் பக்கத்தில் இருந்த யாரிடமோ, "ஏய், எம் பேத்தி சபையில நின்னு படிச்சாளாம்லா" என்று சொல்வது கேட்டது.

அதன் பிறகு அவர் எழுதவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இறந்தார். நீங்கள் ஜீப்பில் இழவுக்கு வந்தீர்கள். மலைப்பாதைக் குளிரில் அவசரம் தாங்காமல், அந்தக் கதவின் கொண்டியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனீர்கள். நான் தண்ணீர் வாளியோடு வெளியே நின்றேன். திரும்பி வந்து கை கழுவினீர்கள். அன்றும் குழந்தையை யாரும் கூட்டிவரவில்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள். எவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதையும் அதே பாயில் வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு மகளோடு உட்கார்ந்து நான் ஒரு பக்கமும் வாசித்ததில்லை. புத்தகத்தோடு வருவாள், விடைத்தாள் திருத்த வேண்டும் என்று அனுப்பிவிடுவேன். இப்போது பேரன் போனில் படித்துக் காட்ட வந்தால், மலையில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறேன். எந்தக் குழந்தை சத்தமாகப் படித்தாலும் அந்த ஒரு வரிதான் என் காதில் விழுகிறது, அவள் குரலில்.

அவளுக்கு அது நினைவில் இல்லை. ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "அந்தத் தாத்தா எனக்கெல்லாம் லெட்டர் போட்டிருக்காராப்பா?" என்றாள்.

போட்டார். அவளே படித்தாள். அது அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஏழு வயதுப் பையனின் வாயில் இதைக் கொடுப்பது கொடுமை என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் அதைக் கற்றேன். நடுவில் நிறுத்தக் கூடாது என்ற உங்கள் சட்டம் இன்னும் அங்கே நடக்கிறது, வீடியோவில் பார்த்தேன். உங்கள் மகனும் முன்வரிசையில் இருந்தார். இந்த முறை அவர் எந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொல்கிறார் என்று பார்க்கலாம்.

கடைசியில் பெயர் இருந்தால் பையன் அதையும் வாசித்து, மடித்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவான். பெயர் இல்லாவிட்டால் நிமிர்ந்து, "யாரும்மா எழுதுனது?" என்று கேட்பான். எல்லோர் முன்னாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். உறையில் உங்கள் முகவரி மட்டும் இருக்கிறது. கையெழுத்துப் போடாமலே நாளைக் காலையில் தபாலில் சேர்க்கிறேன்.