மாடு தொடாமல் வந்த மாட்டுப் புரதம்

என் உசுருக்கு உசுரான மாப்ள,

நீ போய்ச் சேர்ந்து வருசம் திரும்பப் போகுது. நீ என் தங்கச்சி புருசன்தான். ஆனா கம்பம் சந்தையில நாம தோள்ல கை போட்டு நடந்தா அண்ணன் தம்பின்னுதான் சொல்லுவாக. அழகுல அண்ணன் நான்.

போன வாரம் பெங்களூரு போனேன், உன் மக பவித்ரா வேலை பாக்குற ஆய்வுக்கூடத்துக்கு. காவலாளி என்னைப் பாத்ததும் எந்திரிச்சு சல்யூட் அடிச்சான். வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டாக. கண்ணாடியில பாத்தேன், எட்டாப்போட படிப்பை நிறுத்துனவன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்.

அவ வேலைக்குச் சேர்ந்த புதுசுல போன்ல கேட்டியே, ஞாபகம் இருக்கா? "அங்கன என்னம்மா பண்ற?" பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, "தட்டுல செல் வளக்குறோம்ப்பா, கன்னுக்குட்டி ரத்தத்துல எடுக்குற தெளிநீர்தான் அதுக்குத் தீனி"ன்னுட்டா. மாட்டையே சாமியாக் கும்பிடுற தம்பிரான் மாட்டுத் தொழுவுக்குத் தலைச்சன் கன்னை நேர்ந்துவிடுற சனம் நாம. அந்த மாட்டுப் பாலைக்கூட விக்க மாட்டோம். "இனி நீ தொழுவுக்குள்ள கால் வைக்கக் கூடாது"ன்னு போனை வச்ச நீ, அப்புறம் அவ போனை எடுக்கவே இல்ல. நெஞ்சு வலிச்ச அன்னைக்குக்கூட.

மிச்சத்தைச் சொல்லத்தான் அவ உன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டா மாப்ள. நீ கேக்காததை நான் கேட்டுட்டு வந்திருக்கேன்.

மாட்டு உடம்புல வளர்ச்சிக்குன்னே ஒரு புரதம் சுரக்குதாம். அதைச் செய்யிற பக்குவம் மாட்டோட மரபணுவுல இருக்கு. அதை ஒரு கிருமிக்குள்ள ஏத்திவிட்டா, கிருமி குடுவைக்குள்ள இருந்தே அதே புரதத்தைச் செஞ்சு தருது. சுத்தம் பண்ணிக் குப்பியில வச்சிருக்காக, திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி.

"ஏத்தா, இதுக்கு எத்தனை மாட்டை அறுத்தீக?"

"ஒண்ணையும் தொடல மாமா. செல்லுக்கு ஊத்துற கன்னு ரத்தத்துக்குப் பதிலாத்தான் இது. ஆனா இன்னும் முழுசா நிறுத்த முடியல. குறைச்சுக்கிட்டே வாறோம்."

"அப்ப நம்ம மயிலைக் கன்னு நோஞ்சானாத் திரியுதே, ஒரு ஊசி போட்டுவிடு."

"ஐயோ! இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், மாட்டுக்குப் போடக் கூடாது. ஊர்ல போயி மாட்டு டாக்டர் ஆயிராதீக!"

கூடமே சிரிச்சுச்சு. பெரிய விஞ்ஞானி ஒருத்தர் என் கையைப் புடிச்சு, இப்படி ஒரு கேள்வியை யாருமே கேட்டதில்லன்னாக. சரி, கையைப் புடிக்கல. சிரிச்சாக. அது போதாதா?

அவளும் சிரிச்சுட்டு, குப்பியைக் குளிர்பெட்டியில வச்சுக்கிட்டே கேட்டா. "அப்பா இதைக் கேட்டிருந்தா என்ன மாமா சொல்லிருப்பாக?"

நீ என்ன சொல்லிருப்ப மாப்ள? ஒரு தடவை போனை எடுத்திருக்கக் கூடாதா?

உன் காரியத்தன்னைக்கு எல்லாரும் மாட்டுக்குத் தீவனம் வைக்கத் தொழுவுக்குள்ள போனோம். அவ மட்டும் வாசல்லயே நின்னா. என்ன கூப்பிட்டும் வரல. "வேணாம்னு சொன்னது அப்பா. அவுகதான் வான்னு சொல்லணும்"ன்னா. பிடிவாதத்துல உன்னை உரிச்சு வச்சிருக்கா. இனி யாரு வந்து வான்னு சொல்றது?

மாட்டுப் பொங்கலுக்கு வாறா. தகப்பன் இல்லாத எடத்துல தாய்மாமன் சொல்லுதான் சொல்லு. அவ கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவேன். தொழுவுல சாமியா நிக்கிற பட்டத்துக் காளை முன்னால நிறுத்தி, "கன்னு ரத்தத்தை இந்தப் பிள்ளை குறைச்சிருக்கா. இன்னும் நிறுத்தல, நிறுத்தப் பாக்குறா"ன்னு சொல்லுவேன். அங்கன மட்டும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டேன், இது சத்தியம்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
செல்லத்துரை