இருபத்து நான்காவது கோடு

ஜூலை 8, திங்கள்

“எங்களை நம்பி ஒப்படைக்கிறீங்க. நாங்க தப்பு பண்ணிட்டா என்ன சார் பண்ணுவீங்க?”

போன வாரம், முதல் நாளே ஏணி கேட்ட கேள்வி இது. ஐந்தாம் வகுப்பிலேயே நெட்டையானவள். ஏணி என்பது வகுப்பு வைத்த பெயர், கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள். “உன் பக்கத்துல வந்து நிப்பேன்” என்றேன். பத்துப் பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து, பெரிய பிள்ளைகளைப் பொறுப்புக்குப் பழக்க என்னை ஒரு பருவத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவனுக்கு மணி அடிப்பது, ஒருத்திக்கு நூலக அலமாரி. ஏணிக்கு, மாலையில் ஒன்றாம் வகுப்பை மாடியிலிருந்து இறக்கி வாசலில் சேர்ப்பது. மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை எண்ண வேண்டும். இன்று அவளுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். எஞ்சின் தனி வண்டியில்லை, அதுவும் ரயில்தான். “அதனால எண்ணும்போது உன்னையும் சேர்த்து எண்ணும்மா.”

எனக்கே பிடித்துப்போய் வீட்டில் வந்தும் சொன்னேன். “ரிட்டயர் ஆனது நீங்கதான், உங்க வாய் இல்ல” என்றாள் வீட்டுக்காரி.

ஜூலை 11, வியாழன்

ஒரு குழந்தையை மாடியில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை இன்று விடுப்பு. வருகைப் பதிவேட்டைப் பார்த்து நான்தான் ஏணியிடம், “இருபத்து நாலு பேர், கீழ மட்டும் எண்ணு போதும்” என்றேன். எண்ணினாள். “இருபத்து நாலு, சரியா இருக்கு சார்.” காவலாளி மாடிக் கம்பிக் கதவைப் பூட்டினார். கழிப்பறைக்குப் போயிருந்த ஒரு சின்னவள் ஒன்றரை மணி நேரம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அப்பா கூட்டிப்போயிருப்பார் என்று அம்மாவும், அம்மா என்று அப்பாவும் இருந்துவிட்டார்கள். வெளியே தூக்கி வந்தபோது குழந்தைக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

பள்ளி விட்ட பிறகும் நூலகத்தை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் முன்னால், அவர்களோடு இருந்த ஏணியின் பேட்ஜைத் தலைமையாசிரியை கழற்றினார். “எண்ணக்கூடத் தெரியாதவளுக்கு எதுக்குப் பொறுப்பு?”

ஏணி அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஜூலை 12, வெள்ளி

ஏணி பள்ளிக்கு வரவில்லை.

அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். தலைக்கு ஒரு கோடு போட்டுத்தான் எண்ணுவாள். நேற்றைய பக்கத்தில் இருபத்து நான்கு கோடுகள். கடைசிக் கோடு மட்டும் நெட்டையாக இருந்தது.

அது அவள்.

முந்தைய நாள்களில் மேலேயும் கீழேயும் அவளே எண்ணினாள். இரண்டிலும் அவள் இருந்ததால் கணக்கு இடிக்கவில்லை. நேற்று நான் கொடுத்த எண்ணில் அவள் இல்லை. கீழே வந்தது இருபத்து மூன்று குழந்தைகளும் அவளும். அவள் தப்பாக எண்ணவில்லை. நான் சொன்னபடி எண்ணினாள்.

குறிப்பேட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். எதற்குப் பூட்டினேன்?

ஜூலை 15, திங்கள்

இன்றும் வரவில்லை. தலைமையாசிரியை அறைக்கு இரண்டு முறை போனேன். “என்ன சார்?” என்று கேட்டார். ஒரு முறை சாக்பீஸ் கேட்டேன். இன்னொரு முறை மணி கேட்டேன் — கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு.

முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு கெட்ட பேர் வாங்கலையாம் இந்தப் பெரிய மனுஷன். அதைக் காப்பாத்திக்க உனக்குப் பத்து வயசுப் பிள்ளைதான் கெடச்சாளா? என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

சாப்பிட முடியவில்லை. “தொண்டையில ஏதோ அடைச்சு வச்சிருக்கீங்க, அது சோறு இல்ல” என்றாள் வீட்டுக்காரி. எழுந்து போய்க் கை கழுவினேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஏணியின் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். மாலையில் அங்கே போனேன். துணிக்குவியலுக்குப் பின்னால் ஏணி தரையில் உட்கார்ந்து பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நாலு நாளா இதேதான் சார். எண்ணுறா, கலைக்கிறா, மறுபடி எண்ணுறா. எம் பொண்ணுக்கு எண்ணத் தெரியாதா சார்?”

குனிந்து ஏணியிடம், “தப்பு என்னோடதும்மா” என்றேன்.

“தெரியும் சார்.” தலை நிமிராமலே சொன்னாள். “பக்கத்துல நிப்பேன்னு சொன்னீங்க. அன்னைக்கு நீங்க தலைமை டீச்சர் பக்கத்துல நின்னீங்க.”

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். குறிப்பேட்டை உயர்த்திப் பிடித்து, நெட்டைக் கோட்டைக் காட்டி. அந்தச் சின்னவளின் அப்பாவும் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

“ஒரு வாரம் கழிச்சு வந்து சொல்றீங்களே சார்” என்றார் தலைமையாசிரியை. பிறகு தனியாக, “நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம். பேட்ஜை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.”

இரண்டும் நியாயம்.

ஜூலை 22, திங்கள்

பள்ளி விடும் நேரத்துக்கு வாசலுக்கு வெளியே போய் நின்றேன். காவலாளி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்.

வரிசை இறங்கி வந்தது. ஏணிதான். சட்டையில் பேட்ஜ். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். கடைசித் தலையைத் தொட்ட பிறகு ஒரு கணம் நிறுத்தி, விரலைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தனிக் கணக்காக. என் பக்கம் பார்த்தாள் என்று சொல்ல ஆசைதான், பார்க்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

இதை எந்த ஆசிரியராவது படித்தால்: பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுப்பதற்கு முன்னால், அவர்களுக்குச் சொல்லப்போகிற அதே வார்த்தைகளின்படி, அவர்கள் நிற்கப்போகிற இடத்தில் நின்று, ஒரு நாள் நீங்களே அதைச் செய்து பாருங்கள்.